சுயமுன்னேற்றக் குழுவைப் பற்றி ஆவணத்தொடர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூணே நாள்ல உங்க வாழ்க்கையை மாத்திக் காட்டுறோம்" என்று கல்யாண மண்டபத்தில் இலவச வகுப்போடு தொடங்கி, கடைசியில் ஆளையும் நகையையும் உறவையும் கரைத்துவிடும், சிலர் 'கல்ட்' என்று சொல்லும் குழுக்களைப் படமாக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆவணப்படம் எடுக்கிறவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை. அவரிடம் போகாமல் இருப்பதற்கு இவை போதாது.

பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ் நடத்துற எல்லாரையும் கல்ட்டுன்னு சொல்லிடலாமா?

கூடாது. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் பையனுக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறவர் ஒரு வாத்தியார், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியவை வேறு. அடுத்த லெவலின் கட்டணத்தை இந்த லெவல் முடியும்வரை சொல்ல மாட்டார்கள். பலன் இல்லையென்றால் குறை எப்போதும் வந்தவர் மேல்தான். கேள்வி கேட்டால் 'நெகட்டிவ்'. புது ஆள் சேர்க்காமல் மேலே ஏற முடியாது. வெளியேறியவரோடு உள்ளே இருப்பவர்கள் பேசக் கூடாது. இதில் ஒன்றிரண்டு இருந்தால் மோசமான வியாபாரம். எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் தொடருக்கான விஷயம்.

அமெரிக்காவின் நெக்சியம் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கீத் ரனியேரியும் நான்சி சால்ஸ்மனும் 1998-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பக்கம் தொடங்கியபோது அது தொழில் வெற்றிக்கான பயிற்சி வகுப்பு. 5 நாள் வகுப்பு, 16 நாள் வகுப்பு, படிநிலைக்கு ஒரு நிறத்தில் கழுத்துத் துண்டு. 2019-ல் பாலியல் கடத்தல் உள்ளிட்ட குற்றங்களில் ரனியேரி குற்றவாளி என்று தீர்ப்பானது. 2020 அக்டோபரில் 120 ஆண்டு சிறைத்தண்டனை. ஆனால் அங்கே பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் பார்த்தது வெறும் வகுப்பைத்தான். அந்த இரண்டு அடுக்கையும் பிரித்துக் காட்டத் தெரியாத படம் எதையும் விளக்காது.

இன்னொன்று: 'கல்ட்' என்ற சொல்லைப் பின்னணிக் குரலில் போடாதீர்கள். முன்னாள் உறுப்பினர் சொன்னால் அது அவர் கருத்து. நீங்கள் சொன்னால் நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு.

ஒரே படமா எடுத்தா ஆகாதா? எதுக்கு தொடர்?

பெரும்பாலும் ஒரே படம் போதும். கட்டணப் படிநிலை, வெளியேற்றம், வழக்கு என்று மூன்றுக்கும் தனித்தனி ஆட்களும் தனித்தனி ஆவணங்களும் இருந்தால் மட்டும் தலா 40 நிமிடத்தில் 4 பகுதிகள் தாங்கும். 4 பகுதிக்கு 30 முதல் 35 நாள் படப்பிடிப்பு, அதைப்போல மூன்று மடங்கு நாள் எடிட் என்று கணக்கு வையுங்கள்.

முதல் பகுதியைப் போலீஸ் ரெய்டில் தொடங்க எல்லோருக்கும் கை அரிக்கும். தொடங்கினால் அடுத்து வரும் அத்தனை பேரும் ஏமாளிகளாகத் தெரிவார்கள், பார்ப்பவர் "நானா இருந்தா சிக்கியிருக்க மாட்டேன்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். முதல் 25 நிமிடம் வகுப்பு நல்ல வகுப்பாகவே இருக்கட்டும். பார்ப்பவருக்கே ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே என்று தோன்ற வேண்டும். இரண்டாம் பகுதியில் பணம், மூன்றில் வெளியேற முயன்றவர்கள், நான்கில் சட்டமும் குழுவின் பதிலும்.

முதல்ல யாரைப் பிடிக்கணும்? நேரா தலைவர்கிட்டயே போயிடலாமா?

அவர் கடைசி. முதலில் போனால் இரண்டு நடக்கும்: நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு அன்று இரவே "பத்திரிகைக்காரங்க வந்தா பேசாதீங்க" என்று செய்தி போய்விடும்.

வட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து வாருங்கள். மண்டபத்தின் மேனேஜர், முகாமுக்குச் சமைத்தவர், நோட்டீஸ் அடித்த அச்சகம், வேன் ஓட்டியவர். எத்தனை பேர், எத்தனை நாள், யார் பணம் கொடுத்தார்கள் என்று இவர்களுக்குத் தெரியும், மறைக்கக் காரணமும் இல்லை. அடுத்து வெளியேறியவர்கள், அவர்கள் வீட்டார். அதன்பின் நடுமட்ட ஆட்கள், அதாவது 'கோச்', 'மென்டர்' என்று பட்டம் வாங்கி மற்றவர்களைச் சேர்த்துவிட்டு விலகியவர்கள். தொடரின் கனமே இவர்களிடம்தான். ஏமாந்தவரும் இவர்களே, ஏமாற்றியவரும் இவர்களே. கடைசியாக வாய் திறப்பதும் இவர்கள்தான்.

நடைமுறைக்கு ஒரு விஷயம்: தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்தில் பாதிப் பேர் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார்கள். வார நாளில் பேட்டிக்குத் தேதி வைத்தால் பாதி ரத்தாகும். மாங்காய் சீசனான மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரி பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

ஆதாரம்னா என்னென்ன? எந்த ஆபீஸ்ல என்ன கிடைக்கும்?

குழு எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்பதில்தான் எல்லாம். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் துணைவிதிகளும் நிர்வாகிகள் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் இருக்கும். கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி இயக்குநர்கள், ஆண்டுக் கணக்கு இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். அறக்கட்டளை என்றால்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பத்திரம் 1-ஆம் புத்தகத்தில் ஏறும், அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. சொத்தில்லாமல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறும், அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே. ஆகவே முகாம் நடக்கும் நிலத்தின் சர்வே எண்ணைப் பிடித்து, பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பத்திர எண் அங்கே கிடைக்கும். நிலம் அறக்கட்டளை பெயரிலா, தலைவரின் மனைவி பெயரிலா என்பதும் தெரியும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில். ஆனால் அரசு நிதி வாங்காத தனியார் அமைப்பிடம் நேரடியாகக் கேட்க முடியாது. அந்த அமைப்பு அரசு அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தைத்தான் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும், பாலியல் குற்றம் போன்றவை தவிர. குற்றப்பத்திரிகை அப்படியல்ல: அதைப் பொதுவில் இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார்தாரரிடமோ குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலிடமோ கேளுங்கள், அல்லது நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள்.

இதையெல்லாம்விட மேலானது உறுப்பினரின் இரும்புப் பெட்டியில் கிடக்கும் காகிதம். கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, நகைக்கடன் சீட்டு மூன்றையும் தேதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகாமுக்கு முந்தைய வாரம் நகை அடகுக்குப் போயிருந்தால், பின்னணிக் குரல் ஒரு வரிகூடப் பேச வேண்டியதில்லை. ரசீதில் 'கட்டணம்' என்றிருக்கிறதா 'நன்கொடை' என்றிருக்கிறதா, ஜிபே போன கணக்கு அமைப்பினுடையதா தனி ஆளுடையதா என்று தவறாமல் பாருங்கள்.

ஆளைச் சேர்த்தா கமிஷன் கொடுக்குறாங்க. அது சட்டப்படி தப்புதானே?

இருக்கலாம். அதை நீங்கள் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் வரும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. வட்டியோ லாபமோ தருவதாக வைப்புத்தொகை வாங்கியிருந்தால் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் வரும். ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்த 2012-க்குப் பிறகு நம் பக்கத்தில் இந்தச் சட்டங்களின் பெயர் தெரியாத ஆள் குறைவு. படத்தில் திட்டத்தை வரைபடமாகக் காட்டுங்கள், ஓய்வுபெற்ற பொருளாதாரக் குற்றப்பிரிவு அதிகாரியோ வக்கீலோ சட்டத்தைச் சொல்லட்டும்.

யாருமே கேமரா முன்னாடி பேச மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

கேமரா இல்லாமல் மூன்று முறை போங்கள். இரண்டாவது முறை குரல் பதிவு மட்டும். ஒப்புதல் படிவம் ஒரே பக்கத்தில், அவர் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்குத் தமிழ்ப் படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதலாகாது. எங்கே வெளியாகும், பெயர் வருமா முகம் வருமா, எந்தத் தேதிவரை விலகலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைப்பது நம் ஊருக்குச் செல்லாது. பாலக்கோட்டில் ஒருவரைக் குரலை வைத்தும், கை அசைவை வைத்தும், பின்னால் தெரியும் காலண்டரில் இருக்கும் கடைப் பெயரை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். குரலின் சுருதியை மட்டும் கூட்டிக் குறைத்தால் அதைத் திருப்பிப் பழையபடி ஆக்க முடியும். வேறொருவரை வைத்து வார்த்தைக்கு வார்த்தை மறுபடி பேசவைத்து, 'குரல் மாற்றப்பட்டுள்ளது' என்று திரையில் போடுங்கள். நிழலாக எடுப்பதைவிட வேறொரு ஊரில் வாடகை அறையில் கைகளை மட்டும் எடுப்பது மேல், மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு). குழந்தை என்றால் போக்சோ 23-ஆம் பிரிவு. பள்ளிப் பெயரும் தெருப் பெயரும் கூட அடையாளம்தான்.

பேட்டியில என்ன கேக்கணும்? அழுதுட்டா என்ன செய்யறது?

"ஏன் ஏமாந்தீங்க?" என்று கேட்காதீர்கள். ஒருவரும் ஏமாறுவதற்காகப் பணம் கட்டவில்லை. சின்ன விஷயங்களைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், என்ன சாப்பாடு, செல்போனை எங்கே வாங்கி வைத்தார்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், பக்கத்துப் பாயில் யார். தூக்கக் குறைவும் தனிமைப்படுத்தலும் தாமாக வெளியே வரும். குழுவுக்குள் புழங்கிய சொற்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேளுங்கள். சீனச் சிந்தனைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் 1961-லேயே சொன்ன எட்டு அடையாளங்களில் இந்தத் தனிப் பாஷையும் ஒன்று.

ஒரு அமர்வு 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழுதால் கேமராவை நெருக்காதீர்கள், கேள்வியையும் மாற்றாதீர்கள், சும்மா இருங்கள். நிறுத்தச் சொன்னால் கேமராவின் சிவப்பு விளக்கு அணைவதை அவர் பார்க்கும்படி அணையுங்கள். மாமியார், மாமனார் கூடத்தில் இருக்கும்போது மருமகளைப் பேட்டி எடுப்பது வீண். பணம் போனது அவர்களுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

பேட்டி கொடுக்குறவங்களுக்கு காசு தரலாமா?

பேச்சுக்குக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுதான். அன்றைய கூலி போனதற்கும் பஸ் செலவுக்கும் கொடுத்து, ரசீது வாங்கி, படத்தின் முடிவில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேமரா, மைக் செட்டிங் எப்படி வைக்கறது? ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிரச்சினை வருது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், டியூப்லைட்டும் எல்இடியும் பெரும்பாலும் துடிக்காது. பல கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 24 அல்லது 30-ல் இருக்கும். துடிப்பு சின்னத் திரையில் தெரியாது, எடிட்டில்தான் தெரியும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல். காலர் மைக் ஒன்று, தலைக்கு மேல் கம்பியில் நீட்டிய பூம் மைக் ஒன்று. இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள். பட்டுப்புடவை காலர் மைக்கில் உரசும். முந்தானை மடிப்பின் உள்ளே துணி டேப்பால் ஒட்டினால் அடங்கும்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை அணையுங்கள், கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது மறுபடி ஆன் செய்ய மறக்க மாட்டீர்கள். கல்குவாரி பக்கத்து ஊர்களில் வெடி நேரத்தை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய வீடுகளில் பின்பக்க அறைதான் கதி. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். அது இல்லாத எடிட்டர் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவில் 60 மணி நேரம் என்றால் 5.4 டெராபைட். மூன்று நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். இந்த விஷயத்தில் ஹார்ட் டிஸ்க் காணாமல் போவது வெறும் விபத்தாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவையுங்கள்.

ட்ரோன் ஷாட் வேணும்னு எடிட்டர் கேக்குறாரு.

கட்டாயமில்லை. வேண்டுமென்றால் 250 கிராமுக்கு மேற்பட்டதற்குப் பதிவு எண் வேண்டும், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிவரைதான். ஓசூர் பக்கம் விமானத்தளம் இருப்பதால் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பாதீர்கள். குழுவின் வளாகத்துக்கு மேலே பறக்கவிடுவது உங்கள் மேல் முதல் புகாருக்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் மனு.

பழைய விழா வீடியோ எங்க கிடைக்கும்? எடுத்த ஸ்டூடியோக்காரர் தர்றேங்குறாரு, வாங்கிப் போட்டுக்கலாமா?

கல்யாண வீடியோக்காரர்தான் நம் ஊரின் ஆவணக்காப்பகம். 2000-களின் விழாக்கள் மினிடிவி கேசட்டில் இருக்கும். அதை மாற்ற ஃபயர்வயர் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் வேண்டும், ஒரு மணிக்கு 13 ஜிபி ஆகும். வெள்ளைப் பூஞ்சை பிடித்த கேசட்டைப் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

உரிமைதான் சிக்கல். பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. ஸ்டூடியோக்காரரிடம் கேசட் இருக்கலாம், உரிமை குழுவிடம் இருக்கும். விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமாகப் பயன்படுத்த 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்குள் நிற்க வேண்டுமானால் துணுக்கு சிறியதாக இருக்கட்டும், அதன்மேல் யாராவது எதையாவது விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அழகுக்காக ஓடவிட்ட 3 நிமிடம் இதில் அடங்காது. உறுப்பினர் தன் சொந்தச் செல்போனில் எடுத்தது இதைவிட எளிது: அவர் எழுதிக்கொடுத்தால் போதும்.

ரகசிய கேமரா வைச்சு கேம்ப்புக்குள்ள போயிடலாமா?

வேண்டாம். உள்ளே நடப்பதில் பாதி, புதிதாக வந்தவர்கள் மனதைத் திறந்து பேசுவது. உங்கள் கேமராவில் பதிவது தலைவரைவிட அவர்கள்தான். பெண்கள் தங்கும் இடமென்றால் சட்டமும் பாயும். பொதுவில் விளம்பரம் செய்த இலவச வகுப்பில் உட்காரலாம். வெளியே வந்தவுடன் நேரத்தோடு குறிப்பு எழுதுங்கள். பாடப் புத்தகம், அட்டவணை, வாட்ஸ்அப் அறிவிப்பு இவற்றை முன்னாள் உறுப்பினரிடமிருந்து வாங்கிக் காட்டினாலே வகுப்பு கண்முன் வந்துவிடும். நடித்துக் காட்டும் காட்சி தேவைப்பட்டால் முகமில்லாமல், பாய், செருப்பு, கூடையில் குவிந்த செல்போன் என்று பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'சித்திரிப்பு' என்று திரையில் வர வேண்டும்.

போன்ல அந்த குரூப் ஆளுங்க மிரட்டுனதை முன்னாள் உறுப்பினர் ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி வைச்சிருக்காரு. அதைப் போடலாமா?

பேசிய இருவரில் ஒருவர் தானே பதிவு செய்தது என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு யோசிக்கலாம். மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்டது என்றால் தொடவே கூடாது. அசல் போனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) கேட்பார்கள். கோப்பு கைக்கு வந்த அன்றே எண்ணை எடுத்து எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஸ்க்ரீன்ஷாட் போதாது, யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சாட்டை எக்ஸ்போர்ட் செய்வதோடு, போனைக் கையில் வைத்து மேலிருந்து கீழே தள்ளுவதை இன்னொரு கேமராவில் எடுங்கள்.

கேஸ் போடுவாங்களா?

நோட்டீஸ் வரும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அவதூறுக்கு நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் 2 ஆண்டுவரை சிறை உண்டு. உண்மை என்பது மட்டும் அங்கே போதாது, பொதுநன்மையும் காட்ட வேண்டும். உரிமையியல் வழக்கில் உண்மையே போதும், வெளியான ஓராண்டுக்குள் போட வேண்டும். குழு ஆன்மிகச் சாயம் பூசியிருந்தால் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 299-ஆம் பிரிவையும் இழுப்பார்கள், ஆகவே நம்பிக்கையை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் பேசுங்கள். நமக்குச் சாதகமானவையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே போன ஆட்டோ சங்கர் வழக்கில் (ராஜகோபால் வழக்கு, 1994) பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட ஒப்புதல் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2024 மார்ச்சில், வழக்கு விசாரணைக்கு முன்பே வெளியீட்டுக்குத் தடை போடுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும் சொன்னது.

இவற்றால் பயன் பெற வேண்டுமென்றால் ஒரு அட்டவணை வேண்டும்: படத்தின் ஒவ்வொரு குற்றச்சாட்டும் ஒரு வரி, அது வரும் நிமிடம், யார் சொன்னது, எந்தக் காகிதம், இரண்டாவது சாட்சி யார். இரண்டாவது சாட்சிக்கான கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி படத்தில் கிடையாது, எவ்வளவு அழகாக அழுதிருந்தாலும். வெளியீட்டுக்கு முன் குழுவுக்குக் குறிப்பான கேள்விகளை ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் வந்தால் அந்தந்தக் குற்றச்சாட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கடைசி அட்டையில் ஒளிக்காதீர்கள். பதில் வரவில்லையென்றால் அனுப்பிய தேதியோடு சொல்லுங்கள்.

"எனக்கு அதனால நல்லதுதான் நடந்துச்சு"ன்னு சிலர் சொல்றாங்க. அதையும் போடணுமா?

போட வேண்டும், முதல் பகுதியிலேயே. குடியை விட்டவர் இருப்பார், வாய் திறந்து பேசக் கற்றவர் இருப்பார். அது பொய்யல்ல. அந்த நன்மைதான் அடுத்த லெவலுக்குப் பணம் கட்ட வைத்தது. அதை வெட்டிவிட்டால் இரண்டாம் பகுதியில் நகை ஏன் அடகுக்குப் போனது என்பது யாருக்கும் விளங்காது.

டைரக்டரே முன்னாடி அந்த குரூப்ல இருந்தவர்னா பரவாயில்லையா?

பரவாயில்லை, முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட்டால். நெக்சியம் பற்றி 2020-ல் வந்த ஒரு தொடரின் வலுவே, உள்ளே இருந்த படக்காரர்கள் எடுத்துவைத்த ஃபுட்டேஜ்தான். ஆனால் அவர் தானே சேர்த்துவிட்ட ஆட்களை அவரே பேட்டி எடுக்கக் கூடாது. கேள்வி கேட்பதை இன்னொருவருக்குக் கொடுங்கள், டைரக்டர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லட்டும். மேலே சொன்ன நடுமட்ட ஆட்களில் அவரும் ஒருவர்தானே.

எல்லாம் முடிஞ்சு வெளியிட்ட பிறகு "என்னை எடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா?

படிவத்தில் விலகும் தேதி இருந்தது, அது போய்விட்டது என்பது சட்டப்படி சரி. ஆனால் முதலில் ஏன் என்று கேளுங்கள். வீட்டில் தெரிந்துவிட்டதா, மிரட்டலா, இல்லை கிராமத்தில் கேலியா? மிரட்டல் என்றால் புகார் எழுத உதவுங்கள், காட்சியை உடனே மறையுங்கள். யூடியூப்பில் அதே இணைப்பில் வைத்தே துண்டை வெட்டலாம், முகத்தை மங்கலாக்கலாம், மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஓடிடி என்றால் மாற்றிய கோப்பை அனுப்பும் உரிமையை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். அதனால்தான் ஒரே ஆளின் பேச்சின்மேல் ஒரு முழுப் பகுதியையும் கட்டக் கூடாது. அவரை எடுத்தாலும் மற்ற இருவரும் காகிதமும் அந்தப் பகுதியைத் தாங்க வேண்டும்.

வெளியான வாரத்தில் உங்கள் எண்ணுக்கு நடு ராத்திரியில் அழைப்புகள் வரும், உள்ளே இருப்பவர்களின் அம்மாக்களிடமிருந்து. அதற்கென்று தனி சிம் ஒன்று, எடுத்துப் பேச முறை வைத்து இரண்டு பேர். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 எண்ணை ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 8 நொடி நிறுத்துங்கள். 3 நொடியில் யாராலும் எழுதிக்கொள்ள முடியாது.